சிவப்புக் கட்டையில் பல் தடம்

மனிதன் பொய் சொல்வான்; அவன் பல் சொல்லாது. இந்த உலகமே பொய்யில் மூழ்கிப்போனாலும், கடைசிச் சாட்சியாகக் கூண்டில் ஏறி உண்மையை நிலைநாட்டப் போவது பல் ஒன்றுதான்.

இதைச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். செருப்புக் கடைக்காரரைக் கேட்டிருந்தால் செருப்பு என்று சொல்லியிருப்பார்.

ஆனாலும் நம் டாக்டரம்மாவுக்கு இந்த வாசகத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. கிளினிக்கில் நோயாளிகள் மல்லாந்து பார்க்கிற கூரையில் பெரிய எழுத்தில் ஒட்டியே வைத்திருக்கிறாள். வாயைப் பிளந்துகொண்டு படித்தவர்கள் யாரும் இதுவரை மறுத்துப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவள் கையில்தான் போன வாரம் அந்தச் சிவப்புக் கட்டை சிக்கியது.

கணவரின் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து விழுந்தது. குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வீடு கட்டுவார்களே, அந்த பிளாஸ்டிக் பொம்மைக் கட்டை. மேலே வரிசையாகக் குமிழ்கள். பக்கவாட்டில், யாரோ கடித்த தடம்.

வேறு மனைவியாக இருந்தால் சட்டையில் நீள முடி தேடியிருப்பாள், சென்ட் வாசனை பிடித்திருப்பாள். டாக்டரம்மா கட்டையை வீட்டு முன்னறையிலேயே இருந்த தன் கிளினிக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தாள். தீர்ப்பு வர அதிக நேரமாகவில்லை. முன்பல்லின் அகலத்தைப் பார்த்தால் பால் பல் இல்லை, விழுந்து முளைத்த பல். தாடையோ குறுகல்; ஆகவே ஆண் இல்லை. வலது முன்பல் இடது பல்லின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறது. நிச்சயமாக அவள் கணவருடைய வாய் இல்லை. அந்த வாயை அவளே பலமுறை அடைத்திருக்கிறாள், பல்லையும் சேர்த்து.

பொம்மைக் கட்டை இருந்தால் ஒரு குழந்தை இருக்கும். கட்டை ஒட்டிக்கொண்டால் குழந்தை அழும். குழந்தை அழுதால் தாய்க்காரி பல்லால் கடித்துப் பிரித்துக் கொடுப்பாள். இத்தனையும் நடக்கிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரசிப்பவர் யார் என்பதற்குச் சட்டைப்பையே சாட்சி.

அந்தக் கடைசி எண்ணத்தில்தான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. இன்று கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் சின்னவளாக இருந்தபோது, "அப்பா, வாங்கப்பா, வீடு கட்டலாம்" என்று கட்டைகளைக் கொட்டிக்கொண்டு கூப்பிடுவாள். தலைமைக் கட்டட ஆய்வாளரான அப்பா, செய்தித்தாளைத் தாழ்த்தாமலே சொல்வார்: "கட்டடம் விளையாட்டில்லைம்மா."

ஊரில் எந்தக் கட்டடம் நிற்கலாம், எது விழ வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். வீட்டில் நாற்காலியில் உட்காரும் முன்பே அதை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார்.

*

இந்தச் சனிக்கிழமையும் அவர் கிளம்பினார்.

"இன்னிக்கும் போகணுமா?"

"ஆய்வு. ரொம்பப் பழைய கட்டடம். நிலைமை மோசம்."

"எந்தத் தெரு?"

"அதெல்லாம் வெளிய சொல்றதுக்கில்ல."

"நான் வெளியவா?"

அவர் பேண்ட்டைச் சுருட்டி முழங்காலில் தைலம் தேய்த்தார். டாக்டரம்மா அந்தக் கையையே பார்த்தாள். விரல் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். மகள் கல்யாணப் பேச்சுக்குப் போகும்போதுகூட இவ்வளவு சுத்தமாக வெட்டுவாரா என்பது சந்தேகம்.

"ஆய்வுக்கு முட்டி போட்டா போறீங்க?"

"அஸ்திவாரம் கீழதானே இருக்கு" என்றார் கம்பீரமாக.

சாப்பாட்டு டப்பா வழக்கத்தைவிடப் பெரியது. இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். அதைப் பையில் வைத்தவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். பிறகு தொங்கிய சட்டைகளின் பைகளையெல்லாம் தடவினார்.

"என்னத்தைத் தேடறீங்க?"

"ஒரு சாம்பிள்."

"என்ன சாம்பிள்?"

"செங்கல்."

"செங்கல்லைச் சட்டைப்பைலயா வைப்பீங்க?"

"சின்ன செங்கல்" என்று சொல்லிவிட்டு, சொன்னது போதும் என்று தோன்றியவர்போல் வேகமாகப் படியிறங்கினார்.

கதவு மூடியதும் டாக்டரம்மா அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் வக்கீல். கோர்ட்டில் பேசினால் பக்கத்துக் கோர்ட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துக் கேட்கும் குரல். கடந்த வாரம் முழுக்க அவளுக்கு அவர்தான் தெம்பு, அவர்தான் ஆலோசனை. ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்: பொறு.

"அண்ணா, கிளம்பிட்டார். பெரிய டப்பாவோட."

"பொறு, அணில். அவசரப்படாத. கேஸ் பலமா இருக்கணும்."

அணில் என்பது டாக்டரம்மாவுக்குப் பிறந்த வீட்டில் வைத்த பெயர். சின்ன வயதில் அவ்வளவு துறுதுறுப்பு என்று அவளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

"இதுக்கு மேல என்ன பலம்? பல் தடமே இருக்கு. அவ வாயை நீ பார்க்கணும் அண்ணா. அரிசி மூட்டையைக் கவிழ்த்த மாதிரி. சின்ன வயசுலயே பெத்தவங்க கவனிச்சிருந்தா சரியாகியிருக்கும். வளர்ப்பு சரியில்ல. அந்த வாயை வெச்சுக்கிட்டு அடுத்தவ புருஷன்கிட்ட சிரிச்சிருக்காளே, அந்தத் தைரியத்தைச் சொல்லு!"

அந்தப் பக்கம் அண்ணனுக்குப் புரை ஏறியது.

"தண்ணி குடி. சாயங்காலம் வேனை எடுத்துட்டு வந்துடு. என் துணிமணி, கிளினிக் நாற்காலி எல்லாம் ஏத்தணும். நான் இனி இந்த வீட்ல இருக்கப் போறதில்ல."

"இன்னிக்கேவா? அடுத்த மாசம் வெச்சுக்கலாமே. நாள் கிழமை நல்லா..."

"கோர்ட்ல வாய்தா வாங்கற மாதிரி என்கிட்ட வாங்காத."

டிக் என்று ஒரு சின்னச் சத்தம் போனில் கேட்டது. பிறகு இன்னொரு டிக்.

"என்ன சத்தம் அது?"

"பேனா மூடி" என்றார் அண்ணன்.

*

வேன் வருவதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட வேண்டும். டாக்டரம்மா அதற்கும் ஏற்பாடு செய்திருந்தாள். கணவரின் அலுவலகத்தில் இருக்கும் இளம் உதவி ஆய்வாளரை, "வாம்மா, உனக்கு இலவசமா பல் பார்க்கறேன்" என்று அழைத்திருந்தாள். இலவசமாகப் பல் பார்ப்பதாக அவள் சொன்னது தொழில் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை, நேரத்துக்கு வந்தாள்.

நாற்காலி சாய்ந்தது. விளக்கு எரிந்தது. வாய்க்கண்ணாடியை எடுக்கத் தட்டில் கை வைத்த டாக்டரம்மாவுக்கு மறுபடி எரிச்சல். நல்ல கண்ணாடி ஒன்று, ஊசிமுனை இடுக்கி ஒன்று, கொஞ்ச நாளாகக் காணோம். உதவிக்கு இருக்கும் நர்ஸ் மேல் அவளுக்கு ஒரு கண் இருந்தது. இந்த வாரம் அவள் கண் படாத ஆள் இல்லை.

"வாயைத் திறம்மா. பெரிசா."

திறந்தாள். டாக்டரம்மா மனம் உடைந்துபோனாள். முத்துக் கோத்த மாதிரி வரிசை. ஒரு பல் இன்னொன்றை உரசக்கூட இல்லை.

"பொறந்ததுலேருந்தே இப்படியா?"

"ஆ."

"கம்பி ஏதும் கட்டினதில்லையே?"

"ஆஆ."

யோசனை வந்தால் டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாக்கு நுனியால் தன் முன்பற்களின் பின்பக்கத்தை, அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியை, தடவிக்கொண்டே இருப்பாள். இப்போதும் தடவினாள். பிறகு குரலைச் சர்க்கரையில் தோய்த்தாள்.

"சனிக்கிழமையும் உங்களை வேலை வாங்கறாரேம்மா சார். பாவம்."

அந்தப் பெண் வாயிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

"சனிக்கிழமை எங்களுக்கு லீவு மேடம்."

"ஆய்வுக்குப் போறாரே?"

"அப்படியா? நான்கூட போன சனிக்கிழமை சாரைப் பார்த்தேன். ரயில்வே கேட் பக்கத்துல ஒரு டயர் கடை இருக்கில்ல, அதோட மாடிப்படில ஏறிட்டிருந்தார். வணக்கம் வெச்சேன். பார்க்காத மாதிரி போயிட்டார். கையில பால் பாக்கெட் வெச்சிருந்தார் மேடம்."

பால் பாக்கெட்! டாக்டரம்மா கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

"பல்லுக்கு ஒண்ணும் இல்லையே மேடம்?"

"உன் பல்லுக்கு என்னடி கேடு" என்றாள் டாக்டரம்மா வருத்தத்தோடு.

*

டயர் கடைக்காரர் ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். வழி கேட்டதற்கு ஈரக்கையால் மாடியைக் காட்டினார்.

"ஏறுங்க. ஆளுங்க உள்ளதான் இருக்காங்க."

ஆளுங்க.

"குழந்தை இருக்கா அங்க?"

"பார்த்ததில்லம்மா. ஆனா சத்தம் கேக்கும். சண்டை, சிரிப்பு. போன வாரம் எதுவோ விழுந்து உடைஞ்ச சத்தம், அப்புறம் ஒரே அழுகை."

"குழந்தை அழுதுதா?"

"குழந்தை மாதிரி இல்ல. ஆனா அழுகை" என்றவர் மறுபடி டயருக்குக் குனிந்தார்.

இரும்புப் படி. ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினாள். மேலே கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம். சரளைக் கல்லைக் கொட்டி அளைகிற மாதிரி ஒரு சலசலப்பு. பிறகு அவள் கணவரின் குரல். இப்படி ஒரு கனிவான குரல் அவரிடம் இருப்பது அவளுக்கே இப்போதுதான் தெரியும்.

"மெதுவா. அழுத்தாத. அவசரமே இல்ல, நமக்கு இன்னிக்கு முழுக்க இருக்கு."

டாக்டரம்மா கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

தரையில் ஒரு நகரம் இருந்தது. முழங்கால் உயரக் கோபுரங்கள், பாலம், ரயில் நிலையம், தபால் ஆபீஸ். சுவரோரம் கிண்ணங்களில் நிறம் நிறமாகப் பிரித்த பொம்மைக் கட்டைகள். நடுவில் தலைமைக் கட்டட ஆய்வாளர் முட்டி போட்டிருந்தார். ஒரு கையில் கொத்தனார்கள் சுவரின் சமம் பார்க்கும் ரசமட்டம். மறு கையில் டாக்டரம்மாவின் காணாமல் போன வாய்க்கண்ணாடி. அதை ஒரு ஜன்னல் வழியே நுழைத்து உள்கட்டமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

எதிரே ஊசிமுனை இடுக்கியால் ஒரு குட்டி மனிதனுக்குத் தொப்பி வைத்துக்கொண்டிருந்தவர், அவளுடைய அண்ணன்.

யாரும் அசையவில்லை. கட்டடங்கள் விழுந்துவிடும் என்ற பயமும் அதில் இருந்தது.

"எங்க அவ?" என்றாள் டாக்டரம்மா.

"யாரு?" என்றார் கணவர்.

"பேனா மூடியா அண்ணா? டிக் டிக்னு?"

அண்ணன் தொப்பியைக் கீழே வைத்தார். "அணில், இதுல சட்டப்படி எந்தத் தப்பும் இல்ல."

"ஒரு வாரமா பொறு பொறுன்னியே, எதுக்கு?"

"கோபுரம் முடியல. மாப்ள வேற இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டுட்டார். ஒரு பக்கம் சாயுதாம். நான் அப்பீல் பண்ணியிருக்கேன்."

"சாயுது" என்றார் ஆய்வாளர், ரசமட்டத்தைப் பார்த்தபடி. "மச்சானா இருந்தாலும் சாய்வு சாய்வுதான்."

டாக்டரம்மாவுக்குக் கோபத்தின் நடுவே சிரிப்பு முட்டியது. அதை விழுங்கிக்கொண்டாள். அண்ணன் அந்தச் சந்தில் புகுந்தார்.

"சின்ன வயசுல கட்டி முடிச்ச உடனே ஒரு உதை விடுவேன், ஞாபகம் இருக்கா? கட்டறதே அந்த உதைக்காகத்தான். இப்ப தும்மல் வந்தா வெளிய ஓடிப் போய்த் தும்மறோம். போன வாரம் ரயில் நிலையம் விழுந்துடுச்சு. நான்..."

"அழுதியாம். கீழ சொன்னாங்க" என்றாள் டாக்டரம்மா.

"நீங்க ஏன் என்கிட்ட மறைச்சீங்க?" என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

அவர் முதல் தடவையாக ரசமட்டத்தைக் கீழே வைத்தார். "ஆபீஸ்ல தெரிஞ்சா என் கையெழுத்துக்கு மரியாதை இருக்குமா? அப்புறம்... இத்தனை வருஷம் இடிக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். ஒண்ணுகூடக் கட்டினதில்ல. சின்ன வயசுல எங்க வீட்ல இதெல்லாம் கிடையாது. இப்ப ஒரு கட்டை சரியா உக்காரும்போது வர்ற அந்த டிக் சத்தம் இருக்கே..."

"பொண்ணு கூப்பிட்டாளே. தரைல கொட்டி வெச்சுக்கிட்டு. அப்பக் கேக்கலையா அந்த டிக்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அந்த வாயில் அவள் அடைக்காத இடம் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் விடுவதாக இல்லை.

அப்போதுதான் மூலையிலிருந்த மஞ்சள் பக்கெட்டைப் பார்த்தாள். உடைந்த கைப்பிடிக்குப் பதில் கட்டிய கம்பி. அவளுடைய பக்கெட். அவளும் அண்ணனும் சேர்ந்து விளையாடிய பக்கெட். அப்பா அம்மா வீட்டைக் காலி செய்தபோது அவள் கேட்டுக் கேட்டு அழுத பக்கெட்.

"கரையான் அரிச்சிடுச்சுன்னு சொன்னியே அண்ணா."

"சொன்னேன்."

"பிளாஸ்டிக்கைக் கரையான் தின்னுமா?"

"நீ நம்பின" என்றார் வக்கீல், குரலே எழும்பாமல்.

"அதுல பாதி என்னோடது. பாதி என்ன, முழுக்கவே! கட்டினதெல்லாம் யாரு? நான்தானே? நீ கட்டை எடுத்துக் குடுத்துட்டு வேடிக்கை பார்த்துட்டிருப்ப." அவள் பக்கெட்டுக்குள் இரண்டு கையையும் விட்டு ஒரு வாரு வாரினாள்.

சிவப்பு, நீலம், வெள்ளை. எடுத்த கட்டையெல்லாம் கடிபட்டிருந்தது. வலது முன்பல் இடது பல்லின் மேல் ஏறிய அதே தடம். அதே வாய்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. தணியத் தொடங்கிய சந்தேகம் மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

"அப்ப அவளும் வர்றா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. மொத்தப் பக்கெட்டையும் கடிச்சு வெச்சிருக்கா. அதுவும் என் பக்கெட்டை!"

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கடிபட்ட கட்டை சரியாப் பிடிக்க மாட்டேங்குது" என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி. "அதே சிவப்புல மாத்துக் கட்டை வாங்கலாம்னுதான் பைல வெச்சேன்."

"கடிச்சது யாருன்னு கேட்டேன்."

போன் அடித்தது. அண்ணி. டாக்டரம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர், உங்க அண்ணனுக்கு வேற ஒரு குடும்பம் இருக்கு போல." அண்ணியின் குரல் நடுங்கியது. "சட்டைப்பைல ஒரு சின்ன பொம்மையோட தொப்பி கிடைச்சுது. குழந்தை இருக்கும்னு நினைக்கறேன். இன்னிக்கு அவர் பின்னாடியே வந்தேன், வழில தவற விட்டுட்டேன். இப்பத்தான் வண்டியைக் கண்டுபிடிச்சேன். ஒரு டயர் கடைக்குப் பின்னாடி நிக்குது. மாடிக்கு ஒரு படி போகுது. ஏறட்டுமா?"

கோர்ட்டையே நடுங்க வைக்கும் வக்கீல், தங்கையைப் பார்த்துக் கை கூப்பினார். முட்டியில் இருந்ததால் அது பொருத்தமாகவே இருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க அண்ணி" என்று டாக்டரம்மா போனை உள்ளங்கையால் பொத்தினாள். "இப்பச் சொல்லு. யாரு அந்த அரிசி மூட்டை வாய்க்காரி? சொல்லலேன்னா அண்ணியை மேல கூப்பிடுவேன்."

"வேணாம் அணில்."

"ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. யாரு?"

"தெரிஞ்சா வருத்தப்படுவ."

"அண்ணி..." என்று போனை வாயருகே கொண்டுபோனாள்.

"இரு, இரு!" அண்ணன் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் கோபுரம் ஆடியது. ஆய்வாளர் பாய்ந்து அதைக் கட்டிக்கொண்டார். "உன்னை ஏன் அணில்னு கூப்பிடறோம்?"

"துறுதுறுன்னு இருப்பேன்."

கணவர் கோபுரத்தின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கட்டினது நான்" என்றார் அண்ணன் மெதுவாக. "ஒட்டிக்கிட்டதைக் கடிச்சுப் பிரிச்சுக் குடுக்கறது உன் வேலை. பல்லுக்குக் கம்பி கட்டறதுக்கு முன்னாடி."

கீழே இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. டாக்டரம்மாவின் நாக்கு, யோசனை எதுவும் இல்லாமலே, முன்பற்களின் பின்பக்கம் போய்க் கம்பியைத் தொட்டது.

அவள் கையிலிருந்த சிவப்புக் கட்டையை உதட்டருகே கொண்டுபோய், ஒரு தடவை, பக்கவாட்டில் பொருத்திப் பார்த்தாள். பிடிமானம் கைக்கும் வாய்க்கும் பழக்கமானதாக இருந்தது.

கடித்தது அவள்தான்.